கற்பனைப் பந்தயமும் கணக்குப் புத்தகமும்



ஆனி, ஆடி மாதங்களில் வட்டவளை, ஹட்டன், நோர்வூட் பகுதிகளில் வாழ்ந்தோருக்கு மழையைப் பற்றி நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மலைச்சரிவில் மோதத் தொடங்கிவிட்டால், ஞாயிற்றுக்கிழமை வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. பிரட்டுக்களம் சேறாகிவிடும். பந்தும் மட்டையும் லயத்து மூலையில் சாத்தியபடியே கிடக்கும். அத்தகைய நாட்களிலேதான் என் வயதுச் சிறுவர்கள் உலகத்தின் மிகப் பெரிய கிரிக்கெட் ஆட்டங்களை ஆடினோம். மைதானம் வேண்டியதில்லை, ஒரு பாடப்புத்தகம் போதும். கண்ணை மூடிக்கொண்டு புத்தகத்தைத் திறப்போம். இடப்பக்கத்து எண்ணின் கடைசி இலக்கம் 2 ஆனால் இரண்டு ஓட்டம். 4 ஆனால் நான்கு. 6 ஆனால் ஆறு. 8 வந்தால் ஓட்டமில்லை. பூச்சியம் வந்தால் ஆட்டக்காரர் வெளியேற வேண்டியதுதான்.

இந்தப் புத்தகக் கிரிக்கெட்டில் பிரட்மன் ஆடினார். அவருக்கு எதிராக, அவரை ஒருநாளும் கண்டிராத, அவருக்கு ஒரு தலைமுறை பிந்திய பந்துவீச்சாளர்கள் பந்து வீசினார்கள். காலத்தால் பிரிந்த வீரர்களைக் கணக்கின் துணைகொண்டு ஒரே களத்தில் இறக்கும் இந்த விளையாட்டு, சிறுவர்களோடு முடிந்துபோன ஒன்றன்று. அமெரிக்காவிலே வளர்ந்தவர்கள் பலர் இதைத் தீவிரமாக ஆடுகிறார்கள். பேஸ்போல் வரலாற்றின் பேரணிகளை ஒரே சுற்றுப்போட்டியில் மோதவிடுகிறார்கள். அது எவ்வாறு செய்யப்படுகிறது என்பதையும், நம்முடைய மலைநாட்டு அணி ஒன்றை அப்படிக் களமிறக்க முயன்றால் என்ன நேர்கிறது என்பதையும் இன்று பேசலாமென எண்ணுகிறேன்.

முதலில் எங்கள் புத்தகத்தின் குறையைப் பார்ப்போம். இடப்பக்கத்து எண்கள் யாவும் இரட்டைப்படை. ஆகவே 0, 2, 4, 6, 8 என்னும் ஐந்து இலக்கங்களும் ஏறத்தாழச் சம வாய்ப்போடு வரும். ஐந்து தடவை திறந்தால் ஒரு தடவை ஆட்டமிழப்பு. அதற்குமுன் சராசரியாக நான்கு தடவை தப்பலாம். அந்த நான்கிலும் சேர்த்துக் கிடைக்கக்கூடியது பன்னிரண்டு ஓட்டம். எனவே இந்த விளையாட்டில் எவர் ஆடினாலும் சராசரி 12. டெஸ்ட் ஆட்டங்களில் 99.94 என்ற சராசரி பெற்ற பிரட்மனுக்கும் 12. மட்டையைத் தலைகீழாகப் பிடிக்கும் பதினோராம் ஆளுக்கும் 12. பெயர்கள் மட்டும் வேறு, ஆள் ஒருவரே. இன்னொரு குறையும் உண்டு. பழகிய புத்தகம் முதுகு உடைந்த இடத்திலேதான் திரும்பத் திரும்பத் திறந்துகொள்ளும். எங்கள் பூமிசாத்திரப் புத்தகத்திலே அந்த இடம் ஒரு பூச்சியப் பக்கம் என்பதைக் கண்டுபிடித்த பையன், எதிரணி ஆடும்போதெல்லாம் அதையே நீட்டுவான்!

அமெரிக்கர்கள் இந்தக் குறையை நீக்கிய விதம் எளிமையானது, ஆயினும் அழகானது. அதைச் சொல்வதற்குமுன் பேஸ்போலைப் பற்றி ஒரு வார்த்தை. நம் நாட்டிலே புத்தாண்டுக் காலத்தில் ஆடப்படும் எல்லே விளையாட்டை அறிந்தவர்களுக்கு அது அந்நியமாகத் தோன்றாது. கம்பால் பந்தை அடித்துவிட்டு, குறித்த இடங்களைச் சுற்றி ஓடித் திரும்புவதே இரண்டிலும் அடிப்படை. அமெரிக்கப் பேஸ்போல் வீரர்கள் இலங்கை மண்ணிலும் ஆடியிருக்கிறார்கள். ஸ்போல்டிங் என்பவர் உலகம் சுற்ற அழைத்துச் சென்ற இரண்டு அணிகள், அவுஸ்திரேலியாவிலிருந்து எகிப்துக்குப் போகும் வழியில், 1889ஆம் ஆண்டு ஜனவரியில் கொழும்பில் இறங்கி ஓர் ஆட்டம் ஆடிக் காட்டின. அதைக் கண்டவர்கள் என்ன நினைத்தார்களோ!

பேஸ்போலுக்கு ஒரு தனி வசதி உண்டு. ஒவ்வொரு தடவையும் ஓர் எறிபவர், ஓர் அடிப்பவர். அந்த மோதலுக்கு ஒரு முடிவு. அடி, நடை, ஆட்டமிழப்பு என்று அதைச் சிறு குறியால் எழுதிவிடலாம். அவ்வாறு ஆட்டம் முழுவதையும் ஒரு கட்டத்துக்குள் அடக்கும் பதிவு முறையை வளர்த்தவர் ஹென்றி சட்விக். இங்கிலாந்திலே பிறந்து அமெரிக்காவில் கிரிக்கெட் செய்தி எழுதிவந்தவர் அவர் என்பது நாம் மகிழத்தக்க செய்தி. அந்தப் பழக்கத்தால் நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலான கணக்கு அங்கே சேர்ந்து கிடக்கிறது. அந்தக் கணக்கிலிருந்து பிறந்தவையே பகடை விளையாட்டுகள். 1951இல் அப்பா என்ற பெயரில் ஒன்று வந்தது. (நம் செவிக்கு அது வேறு பொருள் தருகிறது, ஒரு சங்கத்தின் முதலெழுத்துகள் அவை.) 1961இல் ஹால் றிச்மன் என்பவர் ஸ்ட்ராட்-ஓ-மற்றிக் என்ற விளையாட்டைக் கொண்டுவந்தார்.

அதிலே ஒவ்வொரு வீரருக்கும் ஓர் அட்டை. மூன்று பகடைகளை உருட்ட வேண்டும். முதற்பகடை 1, 2, 3 என்று விழுந்தால் அடிப்பவரின் அட்டையைப் பார்க்க வேண்டும். 4, 5, 6 ஆனால் எறிபவரின் அட்டையை. மற்ற இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகை, அட்டையின் எந்த வரியை வாசிப்பது என்று சொல்லும். இங்கேதான் நுட்பம் இருக்கிறது. இரண்டு பகடைகள் விழக்கூடிய முப்பத்தாறு வகைகளில் கூட்டுத்தொகை 7 வருவது ஆறு வகைகளில். 2 வருவதோ ஒரே வகையில். ஆகவே ஒருவர் அடிக்கடி செய்தது 7ஆம் வரியில் எழுதப்படும்; அரிதாகச் செய்தது 2ஆம் வரியிலோ 12ஆம் வரியிலோ எழுதப்படும். தாயம் விளையாடிய நமக்கு இதை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு மனிதனின் ஓராண்டு உழைப்பை இவ்வாறு பதினொரு வரிகளாக மாற்றலாம் என்று கண்டதுதான் புதுமை. அந்த அட்டையை மழைநாளில் எடுத்து உருட்டினால், அவர் ஆடியதைப் போலவே மீண்டும் ஆடுவார். ஒரு நாள் நன்றாக ஆடுவார், மறுநாள் சறுக்குவார். ஆண்டு முடிவில் தம் நிலைக்கு வந்து சேர்வார்.

ஒரே ஆண்டு அணிகளுக்கு இது போதும். காலங்கடந்த சுற்றுப்போட்டி என்றால் சிக்கல் தொடங்குகிறது. 1927ஆம் ஆண்டின் நியூ யோர்க் யங்கீஸ் அணி 110 ஆட்டங்களில் வென்று 44இல் தோற்றது. அவ்வாண்டில் பேப் றூத் ஒருவரே 60 தடவை பந்தை எல்லைக்கு அப்பால் அடித்தார். 1906ஆம் ஆண்டின் சிக்காகோ கப்ஸ் அணியோ 116 வெற்றி, 36 தோல்வி. அந்த மாபெரும் அணியை இறுதித் தொடரில் வீழ்த்தியது அதே நகரத்து வைற் சொக்ஸ் அணி. வைற் சொக்ஸ் அணியினர் அனைவரும் சேர்ந்து ஆண்டு முழுவதும் எல்லைக்கு அப்பால் அடித்தவை பத்தைக்கூட எட்டவில்லை. அப்படியானால் 1906இல் ஆடியவர்கள் வலுவற்றவர்களா? இல்லை. அக்காலத்துப் பந்து வேறு. அது தூரம் போகாது. ஆகவே ஒரு வீரரை அவருடைய காலத்துச் சராசரியோடு ஒப்பிட்டு, அதைவிட எத்தனை மடங்கு மேலானவர் என்று கண்டு, அந்த மடங்கைத்தான் அட்டையில் எழுத வேண்டும். ஆளை அவர் காலத்துத் தராசில் நிறுத்தபின்புதான் பொதுச் சந்தைக்குக் கொண்டுவரலாம்.

கிரிக்கெட்டிலும் இம்முறையைப் பின்பற்றலாம். கண்டியிலே பிறந்த முத்தையா முரளிதரன் 133 டெஸ்ட் ஆட்டங்களில் 800 விக்கெட்டுகளை வீழ்த்தினார்; ஒரு விக்கெட்டுக்கு அவர் கொடுத்தது 22.72 ஓட்டம். பொதுவாகப் பந்துவீச்சாளர்கள் ஒரு விக்கெட்டுக்கு 30 ஓட்டம் அளவில் கொடுப்பதாக வைத்துக்கொண்டு, பிரட்மனின் சராசரியை அதே விகிதத்தில் குறைத்தால், முரளிதரனுக்கு எதிராக அவருக்கு ஏறத்தாழ 76 வருகிறது. ஆனால் இதையே முடிவென்று கொள்ளக்கூடாது. ஒரே ஒரு ஆட்டத்தை உருட்டிப் பார்த்தால் பிரட்மன் பூச்சியத்திலும் போகலாம். தம் கடைசி இன்னிங்ஸில் உண்மையாகவே அப்படிப் போனவர்தாமே. ஆயிரம் தடவை உருட்டினால்தான் போக்குத் தெரியும். 1946ஆம் ஆண்டளவில் ஸ்ரனிஸ்லாவ் உலாம் என்ற கணித அறிஞர், நோயிலிருந்து தேறிவந்த நாட்களில் தனிச்சீட்டு ஆடிக்கொண்டிருந்தபோது, வெல்லும் வாய்ப்பைச் சூத்திரத்தால் காண்பதைவிடப் பலமுறை ஆடிப்பார்த்து எண்ணுவது எளிதென்று எண்ணினார். பிறகு அணுவாராய்ச்சிக்கே பயன்பட்ட பெரிய கணிப்பு முறை அந்தச் சீட்டாட்டத்திலிருந்துதான் கிளைத்தது.

நம் வானொலித் துறைக்கும் இதில் ஒரு பங்குண்டு. 1967இல் மறி வொறோனர் என்ற அமெரிக்க வானொலித் தயாரிப்பாளர், எல்லாக் காலத்துக் குத்துச்சண்டை வீரர்களையும் கணினியின் உதவியால் மோதவிட்டு, நேர்முக வருணனையோடு ஒலிபரப்பினார். றொக்கி மார்சியானோ வாகை சூடினார். உயிரோடிருந்த முகமது அலி, முன்னைக்காலத்து ஜெஃப்றீஸிடம் தோற்றதாக அறிவிக்கப்பட்டது. அவர் மானநட்ட வழக்குத் தொடுத்தார்! ஆடாத ஆட்டத்தில் தோற்றதற்கு வழக்கு. சிரிப்பாக இருக்கிறது. ஆனால் எண்களின் தீர்ப்பு ஒரு மனிதனை எவ்வளவு சுடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

எண்கள் எதை மறைக்கின்றன என்பதற்கும் நம் நாட்டிலேயே ஒரு சான்று கிடைக்கிறது. 1948 மார்ச் 27ஆம் திகதி, பிரட்மனின் அணி இங்கிலாந்துக்குக் கப்பலில் செல்லும் வழியில் கொழும்பு ஓவல் மைதானத்தில் ஒரு நாள் ஆடியது. இலங்கை அணிக்குத் தலைவர் மகாதேவன் சதாசிவம். பிரட்மன் எடுத்தது 20 ஓட்டம். ஏட்டிலே 20 என்றுதான் இருக்கிறது. ஆனால் ஆடுதளம் 22 யார் இருக்கவேண்டிய இடத்தில் 20 யார்தான் இருந்தது என்பது ஆட்டத்தின் இடையில் தெரியவந்தது. இரண்டு யார் குறைந்த நிலத்தில் எடுத்த இருபது ஓட்டத்தை எந்த அட்டையில் எந்த வரியில் எழுதுவது? சதாசிவத்தின் நிலையோ இன்னும் சிக்கலானது. 1947இல் சென்னைச் சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக 215 ஓட்டம் குவித்தவர் அவர். இலங்கை தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை ஆடியது 1982 பெப்ரவரியில், அதே ஓவல் மைதானத்தில். சதாசிவம் 1977இலேயே காலமாகிவிட்டார். டெஸ்ட் ஏடுகளைக் கொண்டு அட்டை எழுதுபவன் கையில் அவருக்கு அட்டையே கிடையாது.

பேரேட்டில் இல்லாதவன் கற்பனைப் பந்தயத்திலும் ஆட முடியாது. இந்த விளையாட்டில் என்னை உறுத்துவது இதுதான். அமெரிக்கரையும் இது உறுத்தியது. அங்கே 1947 வரை கறுப்பினத்தவர் பெரிய சங்கங்களில் ஆட அனுமதிக்கப்படவில்லை. தமக்கென்று தனிச் சங்கங்கள் அமைத்து ஆடினார்கள். ஜொஷ் கிப்சன் என்ற மாபெரும் வீரர், இனத்தடை உடைவதற்குச் சில மாதங்கள் இருக்கையில், 1947 ஜனவரியில் இறந்துபோனார். அவர்களுடைய ஆட்டக் கணக்குகள் சிதறிக்கிடந்தன. ஆராய்ச்சியாளர்கள் ஆண்டுக்கணக்காகப் பழைய பத்திரிகைகளைப் புரட்டி, ஆட்டம் ஆட்டமாகச் சேர்த்தார்கள். 1920 முதல் 1948 வரையான அச்சங்கங்கள் 2020இல் பெரிய சங்கங்களாக ஏற்கப்பட்டன. 2024இல் கணக்குகளும் பேரேட்டில் சேர்ந்தன. கிப்சனின் அடிச்சராசரி .372. அதுவரை முதலிடத்திலிருந்த டை கொப் என்பவருடையது .367. இறந்து எழுபத்தேழு ஆண்டுகள் கழிந்தபின் ஒருவர் முதலிடத்துக்கு வந்தார்.

இனி நம் மலைகளுக்கு வருவோம். இங்கே கிரிக்கெட் புதிதன்று. டிக்கோயா, மஸ்கெலியாத் துரைமார் 1868இலேயே கழகம் அமைத்தார்கள். டரவெலவில் அவர்களுடைய மைதானம் உண்டு. நானுஓயாவை அடுத்த ரதெல்ல மைதானம், தேயிலை மலைகளுக்கு நடுவே பச்சைத் தட்டு வைத்ததுபோல் இருக்கும். அந்தக் கழகங்களின் ஆட்டங்கள் பதிவாகின, பத்திரிகைகளில் வெளிவந்தன. புல்லை வெட்டி உருளையை இழுத்தவர்களின் பிள்ளைகள், மாலையில் பிரட்டுக்களத்தில் ஆடிய ஆட்டங்கள் பதிவாகவில்லை.

தோட்டத்திலே கணக்கு இல்லாமலில்லை. கணக்கு நிறையவே இருந்தது. செக்றோல் புத்தகத்தில் ஒவ்வொருவர் பறித்த கொழுந்தின் நிறையும் நாள்தோறும் ஏறியது. ஒரு நாள் உழைப்புக்கு ‘பேர்’ என்றே பெயர். நிறை குறைந்தால் ‘அரைப்பேர்’. பெயர் என்ற சொல்லே கூலியைக் குறித்த ஓர் இடத்தில், கூலிக்குப் புறம்பான எதற்கும் பெயர் விழவில்லை.

ஆயினும் ஹட்டனுக்கு மேலே நான் பிறந்த தோட்டத்தில் ஒருவர் எழுதிவைத்தார். கணக்கப்பிள்ளையாக இருந்த என் தாய்மாமன், பாவித்து மீந்த செக்றோல் தாள்களைத் தைத்து, அறுபதுகளின் இறுதியிலும் எழுபதுகளின் தொடக்கத்திலும் எங்கள் தோட்டத்து அணி ஆடிய ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களைப் பென்சிலால் குறித்திருக்கிறார். தேயிலைப் பெட்டிதான் விக்கெட். எங்கள் களத்துக்கென்று சட்டங்களும் இருந்தன. பந்து தேயிலைச் செடிக்குள் போனால் இரண்டு ஓட்டம். கீழ்மலைப் பக்கம் தூக்கி அடித்தால் ஆட்டமிழப்பு. ஏனெனில் பந்து ஓடைக்குப் போய்விடும், வேறு பந்து இல்லை.

அந்த அணி கலைந்தது தோல்வியால் அன்று. பிரட்மன் வந்துபோன அதே 1948இல் நிறைவேறிய குடியுரிமைச் சட்டம் நம் மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்ரோபரில் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் 1974இல் பாதிக்குப் பாதியாகத் தீர்க்கப்பட்டது. அந்த முதற்கணக்கைச் சுருக்கிப் பாருங்கள்: ஏழுக்கு நான்கு. அந்த விகிதத்தில்தான் ஆட்களை அனுப்புவதும் ஏற்பதும் நடைபெற வேண்டுமென வகுக்கப்பட்டது. ஏழும் நான்கும் பதினொன்று. ஒரு கிரிக்கெட் அணி.

எங்கள் அணி அந்த விகிதப்படி துல்லியமாகப் பிரியவில்லை. ஆறு பேர் போனார்கள். ஐந்து பேர் நின்றார்கள். ஹட்டன் நிலையத்தில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் இறங்கி, ஒருவர் கோத்தகிரிப் பக்கம், ஒருவர் கூடலூர்ப் பக்கம், மற்றவர்கள் எங்கே என்று தெரியவில்லை. அந்தப் பதினொரு பேரும் மறுபடி ஒன்றுசேர்ந்து ஆடக்கூடிய களம் பகடை உருளும் மேசை ஒன்றுதான். ஆகவே, ஓய்வு பெற்றபின், அவர்களுக்கு அட்டை எழுதத் தொடங்கினேன்.

சிறிய ஏட்டிலிருந்து அட்டை எழுதுவது எளிதன்று. ஒருவர் மூன்றே இன்னிங்ஸ் ஆடி ஒரே தடவை ஆட்டமிழந்திருக்கிறார். கணக்கை அப்படியே ஏற்றால் அவர் பிரட்மனுக்கு நிகராகிவிடுவார்! இதற்குக் கணக்கறிந்தோர் கையாளும் வழி, குறைந்த பதிவுள்ளவருக்கு அணியின் பொதுச் சராசரியைக் கொஞ்சம் கடன் கொடுப்பது. பதிவு குறையக் குறையக் கடன் கூடும். பதிவே இல்லாதவருக்கு முழுவதும் கடன்தான். அவர் வெறும் சராசரி மனிதராகிவிடுவார். முறை சரியானதே. ஆனாலும் ஏடு இல்லாத மனிதர்கள் எல்லாரும் ஒரே முகம் உடையவர்களாகி நிற்பதைக் காண மனம் ஒப்பவில்லை. எங்கள் பழைய பூமிசாத்திரப் புத்தகமும் அதைத்தானே செய்தது?

மாமாவின் ஏட்டில் ஓர் ஆட்டக்காரருக்குப் பெயரே இல்லை. ‘இடக்கை’ என்று மட்டும் எழுதியிருக்கிறார். இரண்டு பக்கங்களை மழைநீர் தின்றுவிட்டபடியால் அவருடைய ஆட்டம் இரண்டுதான் மிச்சம். இரண்டிலும் சிறிய எண்கள். கணக்குப்படி அவருக்கு முக்காற்பங்கு கடன் கொடுத்து, 7ஆம் வரியில் ஆட்டமிழப்பு என்று எழுதி முடித்தேன்.

சென்ற ஆடி மாதம், நின்ற ஐவரில் இன்றும் இருக்கும் ஒரு பெரியவரிடம் அட்டைகளைக் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணுக்கு அருகே பிடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். இடக்கைக்காரரின் அட்டை வந்தது.

“இது யாரு தம்பி?”

“பேரு இல்ல அண்ணே. இடக்கைன்னுதான் மாமா எழுதியிருக்கு.”

“ஏழுல அவுட்டுன்னு போட்டிருக்கியே. அவன் கீழ்மலைக்கு ஒருநாளும் தூக்க மாட்டான். ஓடையில பந்தைத் தேடி நாங்க எல்லாம் கெடந்திருக்கோம், அவன் அடிச்சு ஒரு பந்து போனதில்ல. மேல்மலைக்குத்தான் அடிப்பான், தேயிலைக்குள்ள. ரெண்டு ரெண்டா எடுப்பான்.”

பிறகு அவர் பெயரைச் சொன்னார். தகப்பன் பெயரையும், அவர்கள் இருந்த லயத்தையும், கோச்சி ஏறிய ஆண்டையும் சொன்னார். நான் குறித்துக்கொண்டேன். வெளியே மழை கூரைத் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. அழிறப்பர் ஒன்று வாங்கி, 7ஆம் வரியிலிருந்த ஆட்டமிழப்பை அழித்து 4ஆம் வரிக்கு மாற்றினேன். 7இல் ‘தேயிலைக்குள் - இரண்டு’ என்று எழுதினேன். பெரியவர் அட்டையை வாங்கி இன்னொருமுறை பார்த்துவிட்டு, பகடையைக் கேட்டார்.